வெட்டுக்காரியின் வண்டி

மூன்றாவது ஆளும் போன பிறகு எட்னாவின் லாரியில் முன்சீட்டில் உட்கார ஆள் கிடைக்கவில்லை.

அதுவரை அந்த சீட்டுக்கு அடிபிடி. யார்க்‌ஷயரின் உலகப்போர்க் கால ஜனவரிக் குளிரில், பின்னால் தார்ப்பாய்க்குள் மரப்பலகையில் ஒடுங்கிக்கொண்டு போக யாருக்குத்தான் பிடிக்கும்? முன்னால் என்ஜின் சூடு உண்டு. நாலு வார்த்தை கிண்டலாகப் பேசினால் ஐந்து வார்த்தையாகத் திருப்பிக் கொடுக்கும் பெண்ணும் பக்கத்தில் உண்டு. சாயங்காலம் விமானிகளை உடுப்பு மாற்றும் கொட்டகையிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் அவரவர் விமானத்தடியில் இறக்கிவிடுவதும், விடியலில் திரும்பி வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதும் எட்னா ராப்ஸனின் வேலை. இறக்கிவிட்ட எல்லோரையும் திரும்ப ஏற்றிய நாள் அந்தக் குளிர்காலத்தில் அபூர்வம். பெர்லின், பெர்லின், மறுபடி பெர்லின் என்று குண்டு போட அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கிலாந்தில் இருந்தாலும் அந்தப் படைப்பிரிவு முழுக்கக் கனடாக்காரர்கள். கோதுமை வயலிலிருந்தும் மரம் அறுக்கும் காட்டிலிருந்தும் வங்கி மேஜையிலிருந்தும் வந்த பையன்கள். பயம் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். செத்துப்போனான் என்றும் சொல்ல மாட்டார்கள். "வெட்டு வாங்கிட்டான்" என்பார்கள், அதோடு பேச்சு பீருக்குத் தாவிவிடும். ஆனால் விமானம் ஏறுவதற்கு முன் அதன் பின்சக்கரத்தில் ஒன்றுக்குப் போகாதவன் கிடையாது. காதலியின் காலுறையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பறக்கிறவன், தவறி இடது பூட்ஸை முதலில் மாட்டிவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி வலதிலிருந்து ஆரம்பிக்கிறவன், கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் முயல்காலை வைத்துக்கொண்டு திரிகிறவன் என்று எல்லா ரகமும் அங்கே இருந்தது. இப்படிப்பட்டவர்கள் வாயில் ஒரு பெண்ணின் பெயர் விழுந்தால் சும்மா விடுவார்களா?

முதலில் கிளிஃபர்ட். மெஸ் நடனத்தில் எட்னா இரண்டு பாட்டுக்கு அவனோடு ஆடினாள், அந்த வாரமே போனான். அடுத்தது மெர்வின். அவனை அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஒரு மாதம் சைக்கிளில் சேர்ந்து சுற்றினார்கள். அவன் போனபோது கராஜுக்குப் பின்னால் நின்று வயிறெரிய அழுதாள். மூன்றாவது ஆள் அவளிடம் தீப்பெட்டி கேட்டவன். அவ்வளவுதான் உறவு. மெஸ்ஸில் எவனோ ஒருத்தன் விரலை மடக்கி எண்ணினான். வாரக் கடைசிக்குள் அவள் முகத்தையே பார்த்திராத இரண்டு பேரும் அந்த விரல்களில் சேர்ந்துகொண்டார்கள். எட்னாவுக்கு 'வெட்டுக்காரி' என்று பெயர் விழுந்தது.

பெயர் வைத்தவன் நாக்கு அழுகாதா என்று கேட்கத் தோன்றும். அழுகவில்லை. கொஞ்ச நாளில் அவனும் வெட்டு வாங்கினான், எட்னாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே. அதை மட்டும் யாரும் விரலில் சேர்க்கவில்லை.

வண்டிகளுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் பெக் அம்மாள் அவளைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு எட்னா, நான் இதையெல்லாம் நம்புறவ இல்ல."

"அப்புறம் என்ன சார்ஜென்ட்?"

"பசங்க உன் வண்டியில ஏற மாட்டேங்கறாங்களே. நேத்து ஒரு கூட்டம் மூட்டையத் தூக்கிக்கிட்டு நடந்தே போயிருக்கு. நான் என்ன பண்றது, கையக் கால கட்டித் தூக்கிப் போடறதா? போகும்போது இன்னொரு டிரைவர் மேவிஸ் ஏத்திக்கிட்டுப் போகட்டும். நீ காலைல திரும்பி வர்றவங்களை ஏத்திக்க."

"திரும்பி வரும்போது மட்டும் நான் கடிக்க மாட்டேனா?"

"வாயக் குறை. போய் ரேடியேட்டரப் பாரு, தண்ணி உறைஞ்சிடப் போகுது."

விஷயம் அதுதான். போகும்போதுதான் ராசி பார்ப்பார்கள். விடிகாலையில் காது அடைத்து, முகமெல்லாம் ஆக்ஸிஜன் முகமூடித் தடம் பதிந்து, கால் தள்ளாட இறங்குகிறவனுக்கு எந்த வண்டியும் நல்ல வண்டிதான். வெட்டுக்காரி ஓட்டினாலும் சரி, பிசாசே ஓட்டினாலும் சரி, ஏறிப் பலகையில் சாய்ந்துவிடுவான். இறங்கும்போது, "தேங்க்ஸ், டிரைவர்." அவளுக்குப் பெயர் இருப்பது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

எட்னா ஹல் நகரத்துக்காரி. மூன்று வருஷத்துக்கு முன் ஜெர்மன்காரன் போட்ட குண்டில் அவள் தெருவில் பாதி போயிற்று. மீன் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவும் போனார். அது யார் ராசி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சாப்பாட்டு வரிசையில் அவள் நின்றால் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். அது அவளைக் கொன்றது. ஒருத்தன், ஒரே ஒருத்தன், பயப்படாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஏங்கிப்போனாள். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்படி ஒருத்தன் வந்தான். மேவிஸின் வண்டி பழுதாகி எட்னாவே கொட்டகை வாசலுக்கு வர வேண்டியதாகிப்போன ஒரு சாயங்காலம், ஒரே விமானத்துக்காரர்கள் ஆறு பேர் முனகிக்கொண்டே பின்னால் ஏற, ஏழாவது ஆள் முன்கதவைத் திறந்தான்.

"இந்த சீட்டு யாருக்காவது பிடிச்சு வச்சிருக்கா?"

"சாகப் போறவங்களுக்கு."

"அப்போ சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேன்."

"ஏறினா ஏறு, இல்லாட்டி கதவச் சாத்து. குளிருது."

ஏறினான். பெயர் நெஸ்டர் பாவ்லிக். மனிடோபாவில் உக்ரேனியக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. குண்டுவிமானத்தில் துப்பாக்கி அவன் பொறுப்பு. பின்னாலிருந்து யாரோ தார்ப்பாயைத் தட்டி, "டேய் நெஸ்டர், உனக்குப் பைத்தியமா? பின்னால வாடா!" என்று கத்தினான். நெஸ்டர் இரண்டு கால்களையும் என்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டு, "இங்க சூடா இருக்குடா, நீங்க பக்தியோட குளிர்ல கெடங்க" என்றான்.

எட்னா சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

அந்தப் பயணம் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். அடுத்ததும் அப்படியே. நெஸ்டர் இருந்ததால் அவனுடைய கூட்டம் மட்டும், முணுமுணுத்தாலும், எட்னாவின் வண்டியிலேயே போய்க்கொண்டிருந்தது. ஓய்வு நாளில் கிராமத்துச் சாராயக்கடையில் அவனும் அவளும் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உனக்கு நிஜமாவே பயம் இல்லையா?" என்று கேட்டாள்.

"பயமா? வண்டி வண்டியா இருக்கு. உன்னப் பாத்து இல்ல." பீரை ஒரு வாய் குடித்தான். "எங்க ஊர்ல தனியா இருந்த ஒரு பொம்பளய சூனியக்காரின்னாங்க. எங்க அப்பாவோட பசுமாடு வயிறு ஊதிச் செத்துச்சு. அவ கண்ணு பட்டுதான்னு ஊரே சொல்லிச்சு, எங்க அப்பாவும் சொன்னாரு. ஆனா மாட்டுக்குக் காலங்காத்தால ஈரத் தீவனம் போட்டது யாரு? எங்க அப்பா. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சதனாலதான் அவரு எல்லாரையும்விட சத்தமா அவளத் திட்டினாரு."

"அந்தப் பொம்பள என்ன ஆனா?"

"எங்கயோ போயிட்டா. யாரு கேட்டா?"

பிறகு, விமானங்கள் ஏன் விழுகின்றன என்று அவளுக்குக் காட்டினான். ஒரு தட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தீப்பெட்டியை அதற்கு அடியில் கொண்டுவந்தான். அவர்களுடைய விமானங்களின் வயிற்றில் முன்பு ஓர் ஓட்டை இருந்தது. அதில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துச் சுட ஒரு துப்பாக்கியும் இருந்தது. அங்கே படுத்தவன் நெஸ்டர். பிறகு, மேகத்துக்குள்ளும் ஊரைக் காட்டும் ராடார் வந்தது. அதை வைக்க வேறு இடம் இல்லை என்று துப்பாக்கியைக் கழற்றி, ஓட்டையில் ராடார் பானையைக் கவிழ்த்து மூடிவிட்டார்கள். நெஸ்டரை முதுகுப்பக்கக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து வானமெல்லாம் தெரியும், விமானத்துக்கு நேர் கீழே மட்டும் தெரியாது.

"ஜெர்மன்காரன் கீழ வந்து நிக்கிறான் எட்னா. நான் பாத்தேன். பக்கத்து விமானத்துக்கு அடியில வந்து, நிதானமா, மேல பாத்து சுடறான். அவன் சுடறதே வெளிய தெரியல. இறக்கையில தீ பிடிக்குது, அடுத்த நிமிஷம் ஒண்ணுமில்ல."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. உளவு ஆபீசர் தலைய ஆட்டிக்கிட்டு, அது விமானமே இல்லங்கறாரு. ஜெர்மன்காரன் நம்மளப் பயமுறுத்த வெடிக்கிற பூச்சாண்டி குண்டாம், பாக்கறதுக்கு விமானம் வெடிக்கிற மாதிரியே இருக்குமாம். 'பூச்சாண்டிக்கு நாலு என்ஜின் இருக்குமா சார்'னு கேட்டேன். மரியாதையாப் பேசுன்னாரு."

அதனால் நெஸ்டர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டான். போகும் வழியெல்லாம், திரும்பும் வழியெல்லாம், "சாய்ச்சுக் காட்டு கேப்டன்" என்று பைலட்டின் உயிரை வாங்குவான். பைலட் லோர்ன் திட்டிக்கொண்டே விமானத்தை ஒருபக்கம் சாய்ப்பான், பிறகு மறுபக்கம். நெஸ்டர் கூண்டுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கீழே இருட்டைத் துழாவுவான். சாய்த்துச் சாய்த்துப் போனதில், வரைபடம் பார்த்துத் திசை சொல்லும் வழிகாட்டிக்கு வாந்தியே வரும். ஆனால் உயிரோடு வந்தார்கள்.

லோர்ன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அமைதியான பையன், ஊரில் மனைவியும், அவன் இன்னும் கண்ணால் பார்க்காத ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். இன்னும் சில பயணங்கள் முடித்தால் அவன் கூட்டத்துக்கு முறை முடிந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். அந்த நினைப்புதான் மனிதனைக் கோழையாக்குகிறது. ஒருநாள் மத்தியானம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கராஜுக்கு வந்தான்.

"எட்னா, உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

"கோவம் இல்லன்னு சொல்ல இவ்வளவு தூரம் வந்தியா?"

"பசங்க தூங்க மாட்டேங்கறாங்க. நெஸ்டர் உன் பக்கத்துல உக்காந்துதான் வருவேங்கறான். நீ சொன்னா கேப்பான். இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும் அவன விட்டுடேன்."

எட்னா கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டாள். "நான் அவனக் கட்டிப்போட்டு வச்சிருக்கேனா? அவன்கிட்ட போய்க் கேளு. நான் எந்திரிச்சுப் போக மாட்டேன் லோர்ன். ஒரு மனுஷன் என்னை மனுஷியா நடத்தறான். அதையும் வாரிக் குடுன்னு கேக்கற. குடுக்க மாட்டேன்."

லோர்ன் நெஸ்டரிடம் கேட்டான். நெஸ்டர், எனக்குப் பிடிச்ச இடத்துல நான் உக்காருவேன் என்றான். அன்றைக்கு அவர்கள் ஏழு பேரும் தூங்கும் குடிசையில் நடந்தது பஞ்சாயத்தேதான். பழகிய ஆளை மாற்றினால் ராசி போகும் என்றான் ஒருத்தன். வெட்டுக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு பறந்தால் அதைவிடச் சீக்கிரம் போகும் என்றான் இன்னொருத்தன். இரண்டு கெட்ட ராசியையும் எடை போட்டுப் பார்த்து, ஆறு பேரும் நெஸ்டரை அடுத்த பயணத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று லோர்ன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்த ஒரு பையன் கூண்டில் ஏறினான். நெஸ்டர் விமானத்தடி வரைக்கும் அவனோடு நடந்துபோய், "கேப்டன் திட்டினாலும் பரவால்ல, சாய்க்கச் சொல்லு, விடாதே" என்று படித்துப் படித்துச் சொன்னான். பையன் தலையாட்டினான். ஆனால் வந்து இரண்டு நாள் ஆன பையன் கேப்டனை அதட்டுவானா?

அவர்கள் மேவிஸின் வண்டியில் போனார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள்.

எட்னாவும் நெஸ்டரும் கிராமத்தில் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றார்கள். தலைக்கு மேலே விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, மேஜையில் இருந்த தட்டுகள் கிடுகிடுத்தன. நெஸ்டர் பாதியில் முள்கரண்டியை வைத்துவிட்டான். எட்னாவோ மனதுக்குள் குதித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இவன் இங்கே இருக்கிறான், தரையில், என் எதிரில். அந்தச் சந்தோஷத்துக்காக அவள் பிறகு தன்னை எவ்வளவு திட்டிக்கொண்டாலும், அப்போது அவள் சந்தோஷமாக இருந்தது உண்மை.

விடியலில் அவள் வேறொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்தாள். முதுகுக்குப் பின்னால் அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"லோர்னோட விமானம்டா. தீ வெளிச்சத்துல அதோட உடம்புல எழுதியிருந்த இங்கிலீஷ் எழுத்தப் பாத்தேன், 'N'. எனக்கு இந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

"சாய்ஞ்சு சாய்ஞ்சு போவானே, குடிகாரன் மாதிரி?"

"அதான் இல்ல. நேரா போயிட்டிருந்தான், தண்டவாளத்துல ரயிலு போற மாதிரி. ஒரு தடவகூட சாய்க்கல. திடீர்னு அடியிலேர்ந்து இறக்கையில தீ. அவ்வளவுதான். யாரும் குதிக்கல."

"உள்ள போய்ச் சொல்லு. பூச்சாண்டின்னு எழுதிக்குவாரு."

எட்னாவுக்கு லோர்னுக்காக அழுகை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, அதை மறைத்துப் பயனில்லை: ஆறுதல். பாருங்கள், நான் இல்லை. என் வண்டியில் அவர்கள் ஏறவே இல்லை. சாய்க்காததால் செத்தார்கள். கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது. இதை நெஸ்டரிடம் சொன்னால் அவன் மெஸ்ஸில் மேஜைமேல் ஏறி நின்று சொல்வான், ஊர் வாயை அடைப்பான் என்று நம்பி, வண்டியை நிறுத்தியதும் அவன் குடிசைக்கு ஓடினாள்.

அங்கே அலுவலகத்து ஆட்கள் இருவர் லோர்னின் சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அந்தக் கட்டில்களில் புது ஆட்கள் வந்துவிடுவார்கள். நெஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"சாய்க்கலையாம் நெஸ்டர்," என்றாள் மூச்சு வாங்க. "பக்கத்து விமானத்துல இருந்தவன் பாத்திருக்கான். நேரா போனாங்களாம். கீழேர்ந்துதான் சுட்டிருக்கான், நீ சொன்ன மாதிரியே."

"நேராவா?"

"ஒரு தடவகூட சாய்க்கலையாம்."

அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"நான் இருந்திருந்தா சாய்ச்சிருப்பான்," என்றான்.

எட்னாவால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான் ஏன் இல்ல?" என்றான். மூட்டை கட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்லு. நான் ஏன் அதுல இல்ல?"

"அவங்கதான் உன்ன இறக்கிவிட்டாங்க."

"எதுக்காக இறக்கினாங்க?"

"நெஸ்டர், வேண்டாம்."

"உன் பக்கத்துல உக்காந்தேன், அதுக்காக. பாத்தியா? எப்படிச் சுத்தினாலும் கடைசியில உன்கிட்டயே வந்து நிக்குது. அதுக்குப் பேருதான் ராசி."

"நீயா பேசற இத?"

"போயிடு எட்னா."

போனாள். வேறு என்ன செய்வாள்?

அன்றைக்கு மெஸ்ஸில் எல்லோரையும்விடச் சத்தமாக அவளைப் பற்றிப் பேசியவன் நெஸ்டர்தான் என்று மேவிஸ் வந்து சொன்னாள். மேவிஸுக்குச் சொல்லவும் கஷ்டமாக இருந்தது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. லோர்னையும் மற்ற ஆறு பேரையும் கடைசியாக ஏற்றிக்கொண்டு போனவள் மேவிஸ். அவள் பக்கம் யாரும் விரலை மடக்கவில்லை. எட்னாவின் பேரில் மடங்கிய விரல்களில்தான் ஏழு பேரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

ஆள் இல்லாமல் நின்ற வேறொரு கூட்டத்தோடு நெஸ்டரைச் சேர்த்தார்கள். அடுத்த முறை கிளம்பும்போது வண்டிகள் போதவில்லை என்று எட்னாவையும் கொட்டகை வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அவள் காத்திருந்தாள். எதிரிலேயே நெஸ்டர் நின்றான், பாராசூட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. முன்சீட்டுக் கதவை அவள் உள்ளிருந்து தள்ளித் திறந்தும் வைத்தாள். மானம் கெட்டுப்போய்த்தான் திறந்தாள். அவன் பார்த்தான். பிறகு தூறலில் அப்படியே நின்று, மேவிஸின் வண்டி திரும்பி வந்ததும் அதில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். எட்னா காலி வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குத் திரும்பினாள். சார்ஜென்ட் பெக் வேறொரு முகாமின் சமையல்கட்டுக்கு எட்னாவை மாற்றும் உத்தரவு வந்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்தபோது அவளுடைய கடைசி நடை. பனிமூட்டத்தில் ஒரு விமானத்தடியில் ஏழு பேர் நின்றார்கள். வேறு வண்டி எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஏழு பேரும் பின்னால் ஏறினார்கள். கடைசியாக ஏறியவன் நெஸ்டர். உயிரோடு வந்துவிட்டானே என்று அவள் நெஞ்சு முதலில் குளிர்ந்தது. குளிர்ந்ததற்காக அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.

வண்டி நகர்ந்ததும் பின்னால் புது கேப்டனின் குரல் கேட்டது.

"சாய்ச்சுக் காட்டு, சாய்ச்சுக் காட்டுன்னு வழியெல்லாம் என் உயிரை எடுத்துட்டான்டா இந்த நெஸ்டர். இறக்கி விட்டுடலாமான்னு இருந்துச்சு. ஆனா கீழ நின்னான் பாரு ஒருத்தன்! அந்த நேரம் சாய்க்காம இருந்திருந்தா இந்நேரம் நாம பூச்சாண்டி."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மேவிஸ் வண்டியில போனதும் ஒரு காரணம்," என்றான் இன்னொருத்தன், குரலைத் தாழ்த்தாமல். "என்ன நெஸ்டர்?"

"ஆமா," என்றான் நெஸ்டர்.

திரும்பியவர்களிடம் பயணத் தகவல் கேட்டு எழுதும் விசாரணைக் கொட்டகை முன்னால் அவள் வண்டியை நிறுத்தினாள். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். உள்ளே சூடான தேநீரும், பிறகு மெஸ்ஸில் முட்டையும் காத்திருந்தன. நெஸ்டர் ஓட்டுநர் கதவு ஓரமாகத் தலை குனிந்தபடி நடந்தான்.

"தேங்க்ஸ், டிரைவர்," என்றான்.

"நெஸ்டர்."

நின்றான், திரும்பவில்லை.

"உங்க ஊர்ல இருந்தாளே ஒரு பொம்பள, உங்க அப்பாவோட மாட்டக் கொன்னவ. அவ பேரு என்ன?"

அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான். அது அவன் முதுகிலேயே தெரிந்தது.

"தெரியாது," என்றான். "யாரும் அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

மற்றவர்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவனை அழைத்தார்கள். முட்டை ஆறிவிடும் என்று ஒருவன் கத்தினான். நெஸ்டர் உள்ளே போனான்.